பழைய மேலாளரின் பெயரை முழங்குவதற்கு முன்: சக ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய கால்பந்து ரசிகர்களுக்கும் ரசிகர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அணி தொடர்ந்து நாலைந்து ஆட்டங்களில் தோற்று, புள்ளிப் பட்டியலில் சரிந்து, அணியைப் பயிற்றுவித்து நடத்தும் மேலாளரின் நாற்காலி ஆட்டங்காணத் தொடங்கியதும், அரங்கில் முதலில் எழும் பெயர் பெரும்பாலும் ஒரு பழைய பெயராகவே இருக்கிறது. முன்பு கோப்பைகளை வென்று தந்து, பிறகு ஏதோ ஒரு மனக்கசப்பில் விலகிய அல்லது விலக்கப்பட்ட அந்த மனிதரை மீண்டும் அழைத்து வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறீர்கள். போனவர் போனவர்தான், திரும்பி வந்தால் பழைய பெயரையும் கெடுத்துக்கொள்வார் என்று இன்னொரு சாரார் மறுக்கிறீர்கள். இரு தரப்பாரின் பேச்சும் அவருடைய திறமை, வயது, கோப்பைகளின் எண்ணிக்கை, கடைசியாக அவர் நடத்திய அணியின் நிலை என்று அவரைச் சுற்றியே நிற்கிறது. அவரை அன்று போக விட்ட இயக்குநர் குழுவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அந்த மௌனம்தான்.

இரண்டாம் வருகை வெல்லுமா தோற்குமா என்பது அந்த மனிதரை மட்டும் பொறுத்ததாக இருந்தால், ஒரே மனிதர் ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வென்றிருக்க முடியாது. ஃபாபியோ கபெல்லோவின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது. அரிகோ சாக்கியின் பொறுப்பில் 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஏசி மிலானுக்கு 1991-இல் வந்து சேர்ந்த கபெல்லோ, ஐந்து பருவங்களில் நான்கு முறை இத்தாலிய லீக் பட்டத்தை வென்றார். 1994 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கோப்பையின் புதிய பெயர்) இறுதியாட்டத்தில் அவருடைய அணி பார்சிலோனாவை 4-0 என்று தோற்கடித்தது. 1996-இல் அவர் ரியல் மாட்ரிடுக்குச் சென்ற பிறகு மிலான் தடுமாறியது. புதிதாக வந்த ஆஸ்கார் தபாரெஸுக்குப் பாதிப் பருவம்கூட முழுதாகக் கொடுக்காமல் டிசம்பரிலேயே அனுப்பிவிட்டு, இத்தாலியத் தேசிய அணியை நடத்திக்கொண்டிருந்த சாக்கியை நிர்வாகம் திரும்ப அழைத்து வந்தது. அந்தப் பருவத்தில் மிலான் பிடித்தது 11ஆவது இடம். சொந்த அரங்கிலேயே யுவென்டஸிடம் 6-1 என்று தோற்றதும் அந்த ஆண்டில்தான்.

அதன்பின் நிர்வாகம் செய்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பழைய பெயர் பலிக்கவில்லை என்றதும், அடுத்த பழைய பெயரை எடுத்தது. கபெல்லோ 1997-இல் திரும்பி வந்தார். மிலான் 10ஆவது இடத்தில் முடித்தது. அவருடைய முதல் வருகையின் நட்சத்திரங்கள் அப்போது இல்லை. கணுக்கால் காயம் மார்கோ வான் பாஸ்டனின் ஆட்ட வாழ்வையே முடித்துவிட்டிருந்தது. ருட் குல்லிட்டும் ஃபிராங்க் ரைகார்டும் எப்போதோ போய்விட்டார்கள். பாதுகாப்பு அரணாக நின்ற ஃபிராங்கோ பரேசி 1997-இல் ஓய்வு பெற்றார். சாக்கியையும் கபெல்லோவையும் திரும்ப அழைத்த நிர்வாகம், அவர்கள் கையில் முன்பு இருந்த அணியைத் திரும்பக் கொடுக்க முடியவில்லை. மூன்றாம் ஆண்டில், மிலானுடன் எந்தப் பழைய உறவும் இல்லாமல் உதினேசே கழகத்திலிருந்து வந்த ஆல்பெர்த்தோ சாக்கெரோனி 1999 லீக் பட்டத்தை வென்றார். பெரும்பாலான ரசிகர்களின் மனத்தில் இல்லாத ஒரு பெயர் அது.

இதே கபெல்லோ ரியல் மாட்ரிடிலும் இரண்டு முறை பணியாற்றினார். முதல் முறை 1996-97 பருவத்தில் பட்டம் வென்றார். 2006-இல் திரும்பி வந்தபோதும் பட்டம் வென்றார். அந்த முறை கழகத்தின் தலைவர் மாறியிருந்தார். கபெல்லோவின் ஆட்டமுறைக்குப் பொருந்தும் வகையில் ஃபாபியோ கன்னவாரோ, எமெர்சன், ரூட் வான் நிஸ்டல்ரோய் ஆகியோர் அந்தக் கோடையிலேயே வாங்கப்பட்டிருந்தார்கள். மனிதர் ஒருவரே, அவரைச் சுற்றியிருந்தவை வேறு. பட்டம் வென்று தந்த பிறகும் அவரை ஓராண்டில் அனுப்பிவிட்டார்கள் என்பது அந்த நிர்வாகத்தின் குணத்தைச் சொல்லும் தனிக் கதை.

எனவே, பழைய மேலாளர் நல்லவரா, இன்னும் வல்லவரா என்ற வாதம் எவ்வளவு நீண்டாலும் முடிவுக்கு வராது. அன்று அவர் ஏன் போனார், அந்தக் காரணம் இன்று நீங்கியிருக்கிறதா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அந்த விடை நம்மிடம் இல்லை. இயக்குநர் குழுவிடம் இருக்கிறது.

ஜோஸே மொரீனியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் செல்சீக்கு வந்து, முதல் பருவத்திலேயே 38 லீக் ஆட்டங்களில் 15 கோல்களை மட்டும் விட்டுக்கொடுத்து, 95 புள்ளிகளுடன் பட்டம் வென்றவர். அடுத்த ஆண்டும் வென்றவர். உரிமையாளருடன் உறவு கசந்து 2007 செப்டம்பரில் விலகினார். 2013-இல் அவர் திரும்பி வந்தபோது ரசிகர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. 2015-இல் லீக் பட்டமும் லீக் கோப்பையும் வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் நான்காண்டு ஒப்பந்தத்தில் புதிதாகக் கையெழுத்திட்டார். நான்கு மாதங்கள் கழித்து, டிசம்பர் 17 அன்று, 16 லீக் ஆட்டங்களில் 9 தோல்விகளோடும் பட்டியலில் 16ஆவது இடத்தோடும் வெளியேறினார்.

அந்தச் சரிவின் தொடக்கத்தைச் சற்று அருகில் சென்று பாருங்கள். பருவத்தின் முதல் ஆட்டம், ஸ்வான்சீக்கு எதிராக, ஆட்டம் 2-2 என்று சமநிலையில் இருக்கிறது. கோல் காப்பாளர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதால் செல்சீயில் பத்துப் பேர்தான். கடைசி நிமிடங்களில் ஏடன் ஹஸார்ட் தரையில் விழ, நடுவர் சைகை காட்டியதும் அணியின் மருத்துவரும் உடலியக்கச் சிகிச்சையாளரும் களத்துக்குள் ஓடினார்கள். சிகிச்சை பெற்ற வீரர் களத்தைவிட்டு வெளியே வர வேண்டும் என்ற விதியின்படி அணி சற்று நேரம் ஒன்பது பேரோடு நிற்க நேர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் மொரீனியோ அந்த இருவரையும் வெளிப்படையாகக் குறை கூறினார். தங்கள் கடமையைச் செய்தவர்களை மேலாளர் உலகத்தின் முன் கடிந்துகொண்டதை எல்லா வீரர்களும் பார்த்தார்கள். அந்த மருத்துவர் அடுத்த மாதமே கழகத்தை விட்டு விலகினார். முதல் வருகையில் அணியை ஒன்றாகக் கட்டிப்போட்ட அதே கடுமைதான் இரண்டாம் வருகையில் அணியைக் குலைத்தது என்பது என் கணிப்பு. ஒருவரைத் திரும்ப அழைக்கும்போது அவருடைய கோப்பைகள் மட்டும் வருவதில்லை. அவர் போகக் காரணமாக இருந்த குணமும் கூடவே வருகிறது. நிர்வாகத்துக்கு அது 2007-லேயே தெரிந்திருந்தது. அதைத் தாங்குவதற்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்று 2013-இல் கேட்டிருக்க வேண்டியவர்கள் ரசிகர்கள். மகிழ்ச்சியில் எவரும் கேட்கவில்லை.

கெவின் கீகனின் கதை இதைவிட வருத்தமானது, ஏனென்றால் அதில் பிழை அவர் பக்கம் இல்லை. 1992-இல் இரண்டாம் பிரிவின் அடியில் கிடந்த நியூகாசிலை எடுத்து, மறு ஆண்டே மேல் பிரிவுக்கு உயர்த்தி, 1995-96 பருவத்தில் பட்டத்தின் வாசல்வரை கொண்டுபோனவர் அவர். 2008 ஜனவரியில் அவரைத் திரும்ப அழைத்தபோது நகரமே கொண்டாடியது. எட்டே மாதத்தில், செப்டம்பரில், அவர் பதவி விலகினார். வீரர்களை வாங்குவதில் கடைசிச் சொல் தன்னுடையது என்ற உறுதியோடு வந்தவரிடம், அவர் கேள்விப்பட்டிராத ஒரு தென்னமெரிக்க வீரரைக் கழக நிர்வாகி ஒருவர் பரிந்துரைத்தார். அவருடைய ஆட்டத்தை யூடியூபில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்த பிறகும் கீகன் வேண்டாம் என்றார். அவருடைய மறுப்பை மீறி அந்த வீரர் வேறு கழகத்திலிருந்து தற்காலிகமாகக் கடனாக எடுக்கப்பட்டார். வழக்கு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. இடைத்தரகர்களுக்குச் செய்த சலுகையாகவே அந்த வீரரை எடுத்தோம் என்று கழகம் அங்கே ஒப்புக்கொண்டது. கீகனைப் பதவி விலகும் நிலைக்குத் தள்ளியது கழகமே என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. 20 லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது.

சக ரசிகர்களே, அந்த ஜனவரியில் கீகனின் பெயரை முழங்கியவர்களின் அன்பில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்த முழக்கம் உண்மையில் எவருக்குப் பயன்பட்டது? ரசிகர்கள் விரும்பிய பெயரை வாசலில் நிறுத்தியதும், நிர்வாகத்தின் மீதிருந்த கோபம் ஒரே நாளில் கரைந்துபோனது. கழகத்தை நடத்தும் முறையில் எதையும் மாற்றாமலேயே நிர்வாகத்துக்கு அவகாசம் கிடைத்தது. நாம் பழைய மேலாளரைக் கேட்டு முழங்கும் ஒவ்வொரு முறையும் இயக்குநர் குழுவின் கையில் மிக மலிவான ஒரு கேடயத்தைக் கொடுக்கிறோம். தோற்றால், நீங்கள் கேட்டவரைத்தானே கொண்டு வந்தோம் என்று சொல்லிவிடலாம். நாம் நேசித்த மனிதர்தான் அந்தக் கேடயமாக முன்னால் நின்று அடி வாங்குகிறார்.

செல்சீயில் 2023 ஏப்ரலில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். வீரராகக் கழகத்தின் மிக உயர்ந்த பெயர்களுள் ஒன்றான ஃபிராங்க் லாம்பார்டை 2021 ஜனவரியில் மேலாளர் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்கள். உரிமையாளர்கள் மாறி, பெரும்பணம் செலவழித்து, ஒரே பருவத்தில் இரண்டு மேலாளர்களை அனுப்பிய பிறகு, மீதமிருந்த ஆட்டங்களுக்கு இடைக்காலப் பொறுப்பாளராக லாம்பார்டையே மீண்டும் அழைத்தார்கள். 11 ஆட்டங்களில் ஒரு வெற்றி, எட்டுத் தோல்விகள். அந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர் அவரல்லர். ஆனால் வரலாற்றில் அந்தத் தோல்விகள் அவர் பெயருக்கு எதிரேதான் எழுதப்பட்டிருக்கின்றன.

திரும்ப அழைக்கவே கூடாது என்று சொல்லும் நண்பர்கள் இதுவரை படித்துவிட்டு மகிழ்ந்திருப்பீர்கள். உங்கள் கட்சியிலும் நான் சேர முடியாது. டேவிட் மோய்ஸை நினைத்துப் பாருங்கள். வெஸ்ட் ஹாமைக் கீழ்ப்பிரிவுக்குச் சரியாமல் காப்பாற்றியும், 2018-இல் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டுப் பெரிய பெயர் ஒன்றைத் தேடிப் போனார்கள். அது பலிக்காமல் 2019 டிசம்பரில் மோய்ஸ் திரும்பி வந்தபோது பெரிய கொண்டாட்டம் எதுவும் இல்லை. அடுத்த மாதமே தோமாஷ் சோசெக்கும் ஜாரட் போவனும் வந்து சேர்ந்தார்கள். 2020-21 பருவத்தில் ஆறாவது இடம். 2023 ஜூனில் பிராகா நகரில் ஃபியோரென்டினாவை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கழகங்களுக்கான கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை. வெற்றி கோலை 90ஆவது நிமிடத்தில் அடித்தவர் அந்த போவன்தான். மோய்ஸின் முதல் வருகையில் கோப்பை எதுவும் இல்லை. பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு வேலை இருந்தது. அவரைத் திரும்ப அழைத்தது பழைய புகழுக்காக அன்று, முடியாத அந்த வேலையை முடிப்பதற்காக.

யூப் ஹைன்கெஸின் கதையும் உங்களுக்கு விடை சொல்லும். 1991-இல் அவரை நீக்கியது தம் வாழ்நாளின் பெரும் பிழை என்று பாயர்ன் மியூனிக் கழகத்தின் நிர்வாகி ஊலி ஹோனஸ் பிற்காலத்தில் பலமுறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பிழையை ஒப்புக்கொண்ட நிர்வாகம் அழைத்தபோது, அவர் 2013-இல் லீக், ஜெர்மானியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்று கொடுத்தார். ஓய்வு பெற்றிருந்தவரை 2017 அக்டோபரில், 72 வயதில், மீண்டும் அழைத்தார்கள். அணி அப்போது டோர்ட்மண்டைவிட ஐந்து புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பருவத்தின் முடிவில் இரண்டாம் இடத்தைவிட 21 புள்ளிகள் முன்னே நின்று பட்டம் வென்றது. அந்தப் பருவம் முடியும்வரை மட்டும் என்பது முதல் நாளிலேயே பேசி முடிக்கப்பட்டது. கழகம் நீடிக்கச் சொல்லியும் அவர் நீடிக்கவில்லை. எல்லை தெரிந்த பொறுப்பு, அந்த எல்லையை மதித்த மனிதர். ரோமாவில் 2024 நவம்பரில் 73 வயதில் திரும்பி வந்த கிளாடியோ ரனியேரி அணியை ஐந்தாம் இடம்வரை உயர்த்திவிட்டு விலகியதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

கார்லோ ஆன்செலோட்டி 2021-இல் ரியல் மாட்ரிடுக்குத் திரும்பியபோது, 2014-இல் அவருக்கு சாம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்த கிறிஸ்டியானோ ரொனால்டோவும் இல்லை, செர்ஹியோ ராமோஸும் இல்லை. பழைய அணியை மீட்டெடுக்க அவர் முயலவில்லை. கோல் அடிக்கத் தெரியாதவர் என்று பலரும் கைவிட்டிருந்த வினீசியஸை நம்பிக் களமிறக்கினார். 2022 இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிரான ஒரே கோலை அடித்தவர் அந்த இளைஞர்தான். இதற்கு நேர்மாறாக, 2006 உலகக் கோப்பையை வென்ற மார்செல்லோ லிப்பி 2008-இல் இத்தாலிய அணிக்குத் திரும்பி, தமக்குப் பழகிய மூத்த வீரர்களையே பெரிதும் நம்பி, 36 வயது கன்னவாரோவையே தலைவராக்கி, 2010 உலகக் கோப்பைக்குப் போனார். நியூசிலாந்தும் இருந்த பிரிவில் ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் கடைசி இடத்தில் முடித்து இத்தாலி வீடு திரும்பியது. திரும்பி வருபவர் பழைய நினைவோடு வருகிறாரா, இருக்கும் வீரர்களைப் பார்க்கும் கண்ணோடு வருகிறாரா என்பது நேர்காணலில் கேட்டறியக்கூடிய ஒன்று. அதைக் கேட்டார்களா என்று இயக்குநர் குழுவிடம் கேட்பது நம் உரிமை.

ஸினடின் ஸிடானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றுவிட்டு, அணிக்கு மாற்றம் தேவை என்று சொல்லித் தாமாகவே விலகியவர். பத்து மாதங்களுக்குள், அயாக்ஸிடம் சொந்த அரங்கில் 4-1 என்று தோற்று வெளியேறிய மறு வாரமே, ரியல் மாட்ரிட் அவரைத் திரும்ப அழைத்தது. 2019-20 லீக் பட்டத்தை 25 கோல்களை மட்டும் விட்டுக்கொடுத்து வென்றார். ஆனாலும் 2021-இல் மீண்டும் விலகியபோது அவரே ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கழகம் தம் மீது வைக்க வேண்டிய நம்பிக்கையை வைக்கவில்லை என்பதும், நீண்டகாலத்துக்கு எதையாவது கட்டியெழுப்பத் தேவையான ஆதரவைத் தரவில்லை என்பதும் அதன் சாரம். பட்டம் வென்றவருக்கே அந்த நிலை என்றால், வெற்றி வருவதற்கு முன் ஆதரவு தேவைப்படும் மேலாளரின் பாடு என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ரசிகர் மன்றப் பொறுப்பாளர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது. உங்கள் கழகத்தில் பழைய மேலாளரின் பெயர் அடிபடத் தொடங்கியதும், வேண்டும் வேண்டாம் என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் தூற்றாமல், இரு தரப்பும் சேர்ந்து இயக்குநர் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். முன்பு அவர் விலகியதற்கு நிர்வாகத்தின் தரப்பில் என்ன காரணம், அந்தக் காரணம் இன்று எவ்வாறு நீங்கியிருக்கிறது என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். வீரர்களை வாங்குவதிலும் விற்பதிலும் கடைசிச் சொல் யாருடையது என்பதைப் பொதுவில் சொல்லச் சொல்லுங்கள். கீகனுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது. இப்போதிருக்கும் வீரர்களில் எத்தனை பேர் அவருடைய ஆட்டமுறைக்குப் பொருந்துவார்கள், பொருந்தாதவர்களை மாற்ற எத்தனை பருவங்கள் தருவார்கள், அந்தக் காலத்தில் சில மாதங்கள் தோற்றால் அவருக்குத் துணை நிற்பார்களா என்றும் கேளுங்கள். அவருடன் அன்று பணியாற்றிய உதவிப் பயிற்சியாளர்களும் உடல்தகுதிக் குழுவினரும் வருகிறார்களா என்பதை மறந்துவிடாதீர்கள். பல மேலாளர்களின் வெற்றியில் பாதி அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுடையது. இடைக்காலப் பொறுப்பு என்றால் அது எந்த நாளில் முடிகிறது, அடுத்தவரைத் தேடும் பணியை யார் எப்போது தொடங்குகிறார்கள் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்பது அந்த மனிதரை அவமதிப்பதாகும் என்று சிலர் வருந்தலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் பெயரால் நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அவருக்காக நாம் பேசி வாங்கித் தரும் ஓர் உறுதிமொழி. கேட்காமல் விட்டால், அடுத்த டிசம்பரில் தோல்விகள் வரிசையாக வரும்போது அவருடன் இயக்குநர்கள் யாரும் நிற்க மாட்டார்கள், அரங்கில் அவருக்கு எதிராகக் கூச்சலிடுபவர்களில் இன்று அவர் பெயரை முழங்கியவர்களும் இருப்பார்கள்.

இயக்குநர் குழு இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக விடை தந்து, அந்த விடைகளில் அவருக்குப் பணியாற்ற இடமிருப்பது தெரிந்தால், வேண்டாம் என்பவர்கள் உங்கள் எதிர்ப்பைக் கைவிடுங்கள். விடை வராவிட்டால், வேண்டும் என்பவர்கள் அவர் பெயரை முழங்குவதை நிறுத்திவிட்டு, விடை தராத இயக்குநர்களின் பெயர்களை முழங்குங்கள்.

அன்புடன்,
உங்களுள் ஒரு ரசிகன்